முதலில் யாரிடம் போவது, எதை யாரிடம் கொடுப்பது: என்கிளெக்ஸ் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

மருந்தியலை உட்கார்ந்து படித்தால் வந்துவிடும். ஆய்வக அளவுகளைச் சுவரில் ஒட்டி வைத்தால் போகிற வருகிற நேரத்தில் மனத்தில் பதிந்துவிடும். ‘இந்த நான்கு நோயாளிகளில் முதலில் யாரைப் பார்ப்பீர்கள்?’, ‘இந்த வேலையை யாரிடம் ஒப்படைப்பீர்கள்?’ என்ற கேள்விகளிடம் இந்த வழிகள் பலிப்பதில்லை. அதனாலேயே, அமெரிக்காவில் பதிவு பெற்ற செவிலியராக உரிமம் பெற எழுதும் என்கிளெக்ஸ்-ஆர்.என். தேர்வுக்குப் படிக்கும் பலர் இந்தப் பகுதியைக் கடைசிக்குத் தள்ளிவைக்கிறார்கள். அது கட்டுப்படியாகாத கணக்கு. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தேர்வுத் திட்டத்தில் பராமரிப்பு மேலாண்மைக்கு 15 முதல் 21 விழுக்காடு ஒதுக்கியிருக்கிறார்கள். மருந்தியலுக்கு 13 முதல் 19. எட்டுப் பிரிவுகளில் பராமரிப்பு மேலாண்மையே பெரியது. முன்னுரிமையும் பணி ஒப்படைப்பும் இதற்குள் வருகின்றன. மற்றப் பிரிவுகளின் கேள்விகளுக்குள்ளும் தலைகாட்டுகின்றன.

இரண்டையும் தனித்தனிப் பாடமாகப் படிக்காதீர்கள் என்பது என் யோசனை. பயிற்சிப் புத்தகங்கள் தனித்தனி அத்தியாயமாகத்தான் வைத்திருக்கும். ஆனால் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: அடுத்த அரைமணி நேரத்தில் இந்த நோயாளிக்கு என்ன ஆகும் என்று இப்போதே சொல்ல முடியுமா? முடியும் என்றால் அவர் காத்திருக்கலாம். அவருக்கான வேலையை இன்னொருவரும் செய்யலாம். முடியாது என்றால் பதிவு பெற்ற செவிலியரே நேரில் போக வேண்டும். நான் படித்த காலத்தில் இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் விடைகளில் ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பித்தது.

ஒரு மாதிரிக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். டியூட்டி மாறும்போது நான்கு பேரைப் பற்றிச் சொல்கிறார்கள். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர், ஆக்சிஜன் செறிவு 90 விழுக்காடு. இடுப்பு எலும்பு அறுவைக்கு மறுநாள், வலி 10-க்கு 8 என்று சொல்லி மருந்து கேட்பவர். நேற்றுத் தைராய்டு அறுவை முடிந்தவர், உதட்டைச் சுற்றி மதமதப்பாக இருக்கிறது என்கிறார். நீரிழிவு உள்ளவர், சர்க்கரை 240.

மூச்சு, வலி, எண் மூன்றும் கண்ணை இழுக்கும். மதமதப்பு சாதுவாகத் தெரியும். ஆனால் நுரையீரல் நோயாளிக்கு 88 முதல் 92 வரை என்பது பொதுவாக வைத்திருக்கும் இலக்கு. 90 அவருக்கு எதிர்பார்த்த அளவுதான். இடுப்பு அறுவைக்கு மறுநாள் வலி இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். 240 அதிகம்தான், கவனிக்க வேண்டியதுதான், ஆனாலும் அரைமணியில் ஆளைச் சாய்க்காது. தைராய்டு அறுவையில் பக்கத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கால்சியம் இறங்கும். அதன் முதல் அறிகுறிகளில் ஒன்று உதட்டிலும் விரல் நுனிகளிலும் மதமதப்பு. கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரலாம், குரல்வளை இறுகி மூச்சுப்பாதை அடைபடலாம். முதலில் போக வேண்டியது அவரிடம்தான்.

இதோடு அடுத்த கேள்விக்குத் தாவிவிடாதீர்கள். மீதி மூன்று விடைகளையும் பாருங்கள்: எந்த ஒரு விவரத்தை மாற்றினால் அந்த நோயாளி முதல் இடத்துக்கு வருவார்? இடுப்பு அறுவைக்காரருக்குத் திடீரென மூச்சு வாங்கி நெஞ்சு குத்தினால், ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம் என்று ஓட வேண்டும். நீரிழிவுக்காரரின் சர்க்கரை 48 ஆகி வியர்த்துக் கொட்டினால் அவர் முதலில். நுரையீரல் நோயாளி புதிதாகக் குழம்பிப் பேசினால், எழுப்பினாலும் மீண்டும் தூங்கி விழுந்தால், கரியமிலவாயு ஏறியிருக்கலாம். 90 என்ற எண் அங்கே ஆறுதல் தராது. இப்படி ஒரு கேள்வியிலிருந்து நான்கு கேள்விகளைக் கறந்துவிடலாம். என் நோட்டின் பெரும்பகுதி இப்படி மாற்றி எழுதிய விடைகள்தான். நூற்றுக்கணக்கில் கேள்விகளை ஓட்டி மதிப்பெண் விழுக்காட்டை மட்டும் பார்ப்பதைவிட இது பல மடங்கு பயன் தந்தது.

ஏ.பி.சி. பற்றி ஒரு வார்த்தை. மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம் என்ற வரிசை சரியானதுதான். அதை வாய்ப்பாடு போல ஒப்பித்துக்கொண்டு, ‘மூச்சு’ என்று எங்கே இருந்தாலும் அந்த விடையைத் தொடுகிறவர்களுக்காகவே சில கேள்விகள் எழுதப்பட்டிருக்கின்றன. பல ஆண்டுகளாக ஆஸ்துமா உள்ளவர், லேசான இழுப்பு, பேச்சு சரளமாக இருக்கிறது. பக்கத்தில் ரத்த வாந்தி எடுத்தவர், ரத்த அழுத்தம் 84/50, நாடித்துடிப்பு 128. இரண்டாமவர் கண்முன்னே சரிந்துகொண்டிருக்கிறார். எது இப்போது நடக்கிறது, எது நடக்கக்கூடும், எது புதிது, எது பழையது என்று முதலில் பிரித்துவிட்டு, சமமாக நிற்பவர்களிடையே ஏ.பி.சி.யைப் பயன்படுத்துங்கள். மாஸ்லோவின் தேவைப் படிநிலையும் அப்படித்தான். உடல் தேவைக்குப் பிறகு மனத் தேவை என்பது பொதுவிதி. ஆனால் உயிரை மாய்த்துக்கொள்ளப்போவதாகச் சொல்பவரின் பாதுகாப்பு, மனத் தேவை என்ற பெயரில் பின்னால் போய்விடக் கூடாது.

பேரிடர்க் கேள்விகளில் இந்த வரிசை தலைகீழாகிவிடும். ஒரே நேரத்தில் பலர் அடிபட்டிருக்கும்போது, மூச்சுப்பாதையைத் திறந்துவிட்ட பிறகும் மூச்சு வராதவருக்குக் கறுப்பு அட்டை, அதாவது பிழைக்க வாய்ப்பில்லை. நிமிடத்துக்கு 30-க்கு மேல் மூச்சு வாங்குபவருக்குச் சிவப்பு, உடனே பார்க்க வேண்டியவர். எழுந்து நடக்க முடிகிறவருக்குப் பச்சை, காத்திருக்கலாம். வார்டில் முதலாவதாக நிற்கிறவர் இங்கே கடைசிக்குப் போய்விடுவார். கேள்வியின் முதல் வரியில் ‘விபத்து நடந்த இடம்’ என்று இருக்கிறதா, ‘வார்டு’ என்று இருக்கிறதா என்று பார்க்காமல் விடைக்குப் போகக் கூடாது.

இன்னொரு குழப்பம்: முதலில் பரிசோதிப்பதா, செயலில் இறங்குவதா? ‘முதலில் மதிப்பிடு’ என்று எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். கேள்வியிலேயே மதிப்பீடு முடிந்திருந்தால் மறுபடியும் மதிப்பிடுவது நேரத்தை வீணாக்கும் விடை. ரத்தம் ஏறத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் குளிர் நடுக்கம், இடுப்புவலி என்று சொல்லிவிட்டார்கள் என்றால் ரத்தம் ஏறுவதை நிறுத்துவதுதான் முதல் வேலை. ரத்த அழுத்தம் பார்ப்பது அதற்குப் பிறகு. தண்டுவடத்தில் ஆறாவது மார்புப் பகுதிக்கு மேலே அடிபட்டவருக்குக் கடுமையான தலைவலி, ரத்த அழுத்தம் 210/110 என்றால் முதலில் படுக்கையின் தலைப்பகுதியை உயர்த்தி உட்காரவைக்க வேண்டும். பிறகு சிறுநீர்க் கதீட்டர் மடங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம். ‘தலை சுற்றுகிறது என்கிறார்’ என்று மட்டும் இருந்தால் அங்கே பரிசோதனைதான் விடை, ஏனென்றால் கையில் எதுவும் இல்லை. ‘மருத்துவரை அழை’ என்ற விடையையும் இதே கண்ணோடு பாருங்கள். அழைப்பதற்கு முன் நம் கையால் செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் அது முதலில். கட்டுப்போட்ட காலில் வலிமருந்துக்கும் அடங்காத வலி, விரல்கள் மரத்துப் போயின என்ற நிலையில், காத்திருந்து மீண்டும் பார்க்கிறேன் என்பது ஆபத்து. அங்கே உடனே அழைக்கத்தான் வேண்டும்.

இனி ஒப்படைப்பு. வேலை அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தப் பகுதி கூடுதல் தொல்லை. ஆள் பற்றாக்குறை உள்ள வார்டில் எல்லோரும் எல்லாம் செய்து பழகியிருப்பார்கள்; ‘சொல்கிற நேரத்தில் நானே செய்துவிடுவேன்’ என்பது பழக்கமாகியிருக்கும். தேர்வில் வரும் மருத்துவமனையில் ஆள் போதுமான அளவு உண்டு, பொருள் உண்டு, விதிகள் எழுதியபடி நடக்கும். உங்கள் வார்டை அங்கே கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

அமெரிக்க முறையில் மூன்று நிலைகள். பதிவு பெற்ற செவிலியர் என்ற ஆர்.என்.; அவருக்குக் கீழே எல்.பி.என். என்ற உரிமம் பெற்ற நடைமுறைச் செவிலியர் (கலிபோர்னியாவிலும் டெக்சாசிலும் எல்.வி.என். என்பார்கள்); அடுத்து யு.ஏ.பி. எனப்படும் உரிமம் இல்லாத உதவியாளர். குளிப்பாட்டுவது, உணவூட்டுவது, நடக்கவைப்பது, எடை பார்ப்பது, சிறுநீர் அளப்பது, நிலையாக உள்ளவரின் ரத்த அழுத்தமும் வெப்பநிலையும் எடுப்பது உதவியாளரின் வேலை. வாய்வழி மருந்து, டிரெஸ்ஸிங், கதீட்டர், குழாய் வழி உணவு போன்றவற்றை, நிலையாக உள்ள நோயாளிகளுக்கு, எல்.பி.என். செய்யலாம். எல்.பி.என். என்ன செய்யலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்றாலும் தேர்வு பொதுவான கோட்டைத்தான் பிடிக்கும். முதல் மதிப்பீடு, பராமரிப்புத் திட்டம், புதிதாகக் கற்றுக்கொடுப்பது, ரத்தம் ஏற்றத் தொடங்குவது, நரம்பு வழியாக நேரடியாக மருந்து செலுத்துவது, சிகிச்சை பலித்ததா என்று முடிவு செய்வது ஆர்.என்.னிடமே இருக்கும். ஆர்.என். ஏற்கனவே கற்றுக்கொடுத்ததை எல்.பி.என். திரும்ப நினைவூட்டலாம். இந்த நுணுக்கத்தில் அடிக்கடி கேள்வி வருகிறது.

இந்தப் பட்டியலை ஒருநாளில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் கேள்வி எழுதுகிறவர் வேலையை அப்படியே வைத்துக்கொண்டு நோயாளியை மாற்றிவிடுவார். உணவூட்டுவது உதவியாளரின் வேலை. நேற்றுப் பக்கவாதம் வந்து, விழுங்குவது சரியாக இருக்கிறதா என்றே தெரியாதவருக்கு முதல் கவளம் ஊட்டுவது உதவியாளரின் வேலை ஆகாது. நடக்கவைக்கலாம், அறுவைக்குப் பிறகு முதல்முறை கட்டிலைவிட்டு இறங்குபவரை ஆர்.என். பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம் பார்க்கலாம். அறுவை அரங்கிலிருந்து இப்போதுதான் வந்தவருக்கு வேண்டாம். எனவே ‘இது யார் வேலை?’ என்று கேட்பதோடு நிறுத்தாமல், ‘இவருக்கு இது எப்படி முடியும் என்று தெரியுமா?’ என்றும் கேட்டுவிடுங்கள். மேலே சொன்ன அதே அரைமணிக் கேள்விதான்.

இந்தத் தேர்வை நடத்தும் என்.சி.எஸ்.பி.என். அமைப்பும் அமெரிக்கச் செவிலியர் சங்கமும் 2019-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் ஐந்து ‘சரி’களைச் சொல்கிறது: சரியான பணி, சரியான சூழ்நிலை, சரியான ஆள், சரியான அறிவுறுத்தல், சரியான மேற்பார்வை. முதல் மூன்றை எல்லோரும் படித்துவிடுகிறார்கள். கேள்வி அதிகம் வழுக்குவது கடைசி இரண்டில். ‘நான்காம் படுக்கைக்காரரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்பது அறிவுறுத்தலே அல்ல. ‘நான்காம் படுக்கைக்காரரின் ரத்த அழுத்தத்தைப் பத்து மணிக்குப் பாருங்கள், மேல் அளவு 100-க்குக் கீழே இருந்தால் உடனே என்னிடம் வந்து சொல்லுங்கள்’ என்பதில் யார், எது, எப்போது, எந்த எல்லை, எப்போது திரும்பிச் சொல்ல வேண்டும் என்று எல்லாம் இருக்கிறது. இரண்டு விடைகளும் ஒரே வேலையைச் சொல்லும்போது எல்லையும் நேரமும் உள்ள விடையைத் தேர்ந்தெடுங்கள். உதவியாளர் 88 என்று வந்து சொன்னால் அடுத்த வேலை ஆர்.என். எழுந்து போய் நோயாளியைப் பார்ப்பது. ‘இன்னொருமுறை எடுத்துப் பாருங்கள்’ என்று திருப்பி அனுப்புவது எப்போதும் தவறான விடை. பணியைக் கொடுத்துவிடலாம், பொறுப்பு நம்மிடமே இருக்கும்.

வேறு பிரிவிலிருந்து அன்றைக்கு மட்டும் அனுப்பப்பட்ட செவிலியருக்கு யாரைக் கொடுப்பது என்ற கேள்விக்கும் இதே வழிதான். பிரசவ வார்டுச் செவிலியர் இதய வார்டுக்கு வந்தால், அவருக்குப் பழக்கமான பராமரிப்பு தேவைப்படும், நிலையாக உள்ள நோயாளி. கர்ப்பிணிச் செவிலியரை, உடலுக்குள் கதிரியக்கப் பொருள் வைக்கப்பட்டவரிடம் அனுப்புவதில்லை.

தேர்வு வடிவத்தைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை சில. 85 முதல் 150 கேள்விகள், 5 மணி நேரம். முந்தைய கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது. ‘பொருந்தும் எல்லாவற்றையும் தேர்ந்தெடு’ வகைக் கேள்விகளில் இப்போது பகுதி மதிப்பெண் உண்டு. தவறாகத் தொட்ட ஒவ்வொன்றும் அந்தக் கேள்விக்குள் ஒரு மதிப்பெண்ணைக் குறைக்கும், ஆனால் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாது. உதவியாளரிடம் எவற்றைக் கொடுக்கலாம் என்ற கேள்வி இந்த வடிவத்திலும் வருவதால், சந்தேகமானதையும் சேர்த்துத் தொட்டுவைக்கும் பழக்கம் இங்கே உதவாது. ஒவ்வொரு வரியையும் தனிக் கேள்வியாக எடுத்து, ஆம் அல்லது இல்லை என்று முடிவு செய்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

பயிற்சியின்போது கேள்வியின் கடைசி வாக்கியத்தை முதலில் படியுங்கள். ‘முதலில் யாரை’ என்கிறதா, ‘யாரைக் கடைசியாக’ என்கிறதா, ‘மற்றவர் செய்யும் எந்தச் செயலில் நீங்கள் தலையிட வேண்டும்’ என்கிறதா என்று தெரிந்த பிறகு மேலே போனால், நான்கு நோயாளிகளின் விவரங்களும் வேறு வெளிச்சத்தில் தெரியும். தினமும் ஒரு குவியலாகச் செய்வதைவிட இருபது கேள்விகளை எடுத்து, சரியாக வந்தவற்றுக்கும் காரணம் எழுதுங்கள். குருட்டாம்போக்கில் சரியாகப் போட்டது எது என்று அப்போதுதான் தெரியும். கடைசி வாரத்தில் புதுக் கேள்வித் தொகுப்பு வேண்டாம். நோட்டில் மாற்றி எழுதிய விடைகளைப் புரட்டினால் போதும்.