குருவிக்கு வச்ச பெட்டியில அணில் குடிவந்துடுச்சு

நான் செஞ்ச முதல் குருவிப்பெட்டி இருக்கே, பாக்க அவ்ளோ அழகு. சிவப்புக் கூரை, மஞ்சள் சுவர், பக்கவாட்டுல குட்டியா ஒரு ஜன்னல் வேற வரைஞ்சிருந்தேன், வாசல்ல குருவி வந்து உக்காரட்டும்னு ஒரு குச்சி. போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பி லைக்கும் வாங்கியாச்சு. ஒரு வருஷம் முழுக்க ஒரு குருவி கூட எட்டிப் பாக்கல.

அப்புறம்தான் எங்க தப்புன்னு படிக்க ஆரம்பிச்சேன். மரங்கொத்தி, குக்குறுவான் மாதிரி சிலது தானே மரத்தைக் கொத்தி பொந்து போட்டுக்கும். மைனா, குண்டுகரிச்சான், ஆந்தைக்கெல்லாம் அந்த வேலை தெரியாது, இன்னொண்ணு விட்டுட்டுப் போன பொந்தோ தானா உளுத்துப்போன ஓட்டையோ கிடைச்சாத்தான் உண்டு. நாம பட்டுப்போன மரத்தைக் கண்டாலே வெட்டித் தள்ளிடறோம். குருவிக்கு பழைய கூரை இடுக்கும் சுவத்து ஓட்டையும் போதும், புதுக் கட்டடத்துல அதுவும் இல்ல. வட அமெரிக்காவுல பர்ப்பிள் மார்ட்டின்னு ஒரு பறவை, ராக்கி மலைக்குக் கிழக்கால அது கிட்டத்தட்ட முழுக்க மனுஷன் வைக்கிற கூட்டை நம்பியே இருக்குன்னு படிச்சப்போ கொஞ்சம் பக்குன்னு ஆச்சு.

சரி, நம்ம பெட்டிக்கு வருவோம். மேற்கு பாத்து மாட்டியிருந்தேன். ஒருநாள் மத்தியானம் மூணு மணிக்கு உள்ள விரலை விட்டுப் பாத்தா அடுப்பு மாதிரி கொதிக்குது, இதுல குஞ்சு பொரிச்சிருந்தா வெந்தே போயிருக்கும். பெயின்ட் வாடை வேற போகல. அந்தக் குச்சி இருக்கே, அது குருவிக்குத் தேவையே இல்லையாம், காக்கா வசதியா நின்னு உள்ள மூக்கை நீட்டத்தான் உதவுமாம்! உடனே குச்சியைப் புடுங்கி, பெயின்டைச் சுரண்டி, நிழலா ஒரு மூலையில மாத்தி மாட்டினேன்.

ரெண்டே வாரத்துல ஆள் வந்தாச்சு, ஆனா அணில். கையில இருந்த டிரில் பிட்டால 50 மில்லிமீட்டருக்கு ஓட்டை போட்டு வச்சா வராம என்ன செய்யும். மாப்புத் துணியில இருந்து ஒரு பிரி பஞ்சைக் கடிச்சு இழுத்து, முன்னங்கால் ரெண்டாலயும் உருட்டி வாய்க்குள்ள திணிச்சுக்கிட்டு, மீசை வச்ச கிழவன் மாதிரி சுவத்துல ஏறிப் போச்சு. ஒரு மணி நேரத்துல எத்தனை தடவை போய்ட்டு வந்துச்சோ, எண்ணிப் பாக்க ஆரம்பிச்சு நடுவுல விட்டுட்டேன். மாப்பு மொட்டையாயிடுச்சு, போகட்டும்னு விட்டுட்டேன், அதுவும் குடும்பஸ்தன்தானே.

குருவிக்குன்னு ரெண்டாவது பெட்டி செஞ்சேன். ரெண்டு சென்டிமீட்டர் கனத்துல பெயின்ட் பாலிஷ் எதுவும் படாத பலகை, 32 மில்லிமீட்டர் ஓட்டை, அணில் கடிச்சுப் பெருசாக்காம இருக்க ஓட்டையைச் சுத்தி ஒரு தகடு. பெட்டியோட அடிப்பலகையில இருந்து ஓட்டை ஒரு சாணாவது மேல இருக்கணும். உள்பக்கம் பலகையை இழைக்காதீங்க, வழவழன்னு இருந்தா குஞ்சு ஏறி வெளிய வர முடியாது, நான் ஓட்டைக்குக் கீழ ஆணியால கோடு கோடா கீறி விட்டேன். அடியில தண்ணி வடிய நாலு ஓட்டை, கூரைக்குக் கீழ காத்துக்கு ஒரு இடுக்கு, பின்னாடி சுத்தம் பண்ணணுமே, அதுக்கு ஒரு பக்கம் ஸ்க்ரூ கழட்டினா திறக்கிற மாதிரி.

முதல்ல ஆண் குருவி வந்து வாசல்ல தலையை நீட்டிக்கிட்டு நாள் முழுக்க கத்துச்சு, இடம் பிடிச்சாச்சு பொண்ணு வாங்கன்னு கூப்பிடுது போல. அடைகாக்கறது ஒரு 11ல இருந்து 14 நாள், பொரிச்சதுக்கப்புறம் குஞ்சு பறக்க இன்னொரு ரெண்டு வாரம். அந்த ரெண்டு வாரமும் பெட்டியைத் திறந்து செல்ஃபி எடுக்கற வேலை வேண்டாம். தள்ளி உக்காந்து பாத்தாலே போதும், அம்மாவும் அப்பாவும் மாத்தி மாத்தி பச்சைப் புழுவா கொண்டாந்து ஊட்டுதுங்க, திரும்பிப் போகும்போது குஞ்சு போட்ட எச்சத்தை வெள்ளைப் பொட்டலம் மாதிரி அலகுல தூக்கிட்டுப் போய் தூரமாப் போடுதுங்க. தானியம் எவ்ளோ வச்சாலும் சின்னக் குஞ்சுக்குப் புழு பூச்சிதான் வேணும். அதனால செடிக்கு மருந்தடிக்கிறதை நிறுத்திட்டேன், ரோஜா இலையெல்லாம் ஓட்டையாத்தான் இருக்கு.

வௌவாலுக்கும் ஒண்ணு செஞ்சிருக்கேன், அதுக்கு வாசல் அடியில, ரெண்டு சென்டிமீட்டர் இடுக்கு, உள்ள தொங்கறதுக்குச் சொரசொரப்பான பலகை. இன்னும் காலியாத்தான் கிடக்கு.

குருவி ஒரே சீசன்ல ரெண்டு மூணு ஈடு கூட முட்டை போடும், அதனால எல்லாம் முடிஞ்சு போய்டுச்சுன்னு நிச்சயமான பிறகுதான் போன வாரம் கிளவுஸ் மாட்டிக்கிட்டு பெட்டியைத் திறந்தேன், பழைய கூட்டுல பேன், உண்ணி எல்லாம் இருக்கும். காஞ்ச புல், இறகு, ஒரு பஸ் டிக்கெட்டுத் துண்டு, கூடவே நைலான் நூல் கொஞ்சம். அந்த நூலைப் பாத்துதான் பயந்தேன், குஞ்சு கால்ல சுத்திக்கிட்டா அவ்ளோதான். இப்போ அந்த இடத்துல தேங்காய் நார் பிரிச்சு வச்சிருக்கேன். நேத்து அதையும் அணில்தான் தூக்கிட்டுப் போச்சு.