வெள்ளி என்று நம்பிய பதக்கம்

அப்பாரின் தந்தை துப்பாக்கி ஏந்தியவர் என்றே காங்கயத்தில் எங்கள் வீட்டில் சொல்லிவந்தார்கள். கறுத்துப்போன வெள்ளி என்று எண்ணி, ஆத்தா அவருடைய பதக்கத்தைக் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளியிட்டுத் துலக்கியபோது, அது செம்பு நிறம் காட்டியது.

ஒருபுறம் ஐந்தாம் ஜார்ஜ். மறுபுறம் குதிரை வீரனும் 1914, 1918 என்ற ஆண்டுகளும். முதல் உலகப் போருக்கான இந்தப் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம், போரிட்ட படையினருக்கு வெள்ளியிலும், இந்தியா, சீனா, மால்டா ஆகிய இடங்களிலிருந்து சென்ற தொழிலாளர் படையினருக்கு வெண்கலத்திலும் வழங்கப்பட்டது. ஆக, அவர் தூக்கியது மூட்டையாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு அதில் வருத்தமில்லை, ஆத்தாவுக்குத்தான் கொஞ்சம் மனத்தாங்கல்.

லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும், பதக்கம் பெற்றவர்களைப் பதிந்த அட்டைகள் பெரும்பாலும் பிரிட்டிஷ் படையினருடையவை என்பதால், அவரைப் பற்றித் தேட, பதக்கத்தின் விளிம்பில் பொறித்த எண்ணும் பெயரும் படைப்பிரிவுமே எனக்குப் பிடிமானம். உருப்பெருக்கியில் பார்த்தால் மூன்றாம் இலக்கம் மட்டும் 3 போலவும் 8 போலவும் தெரிகிறது.