யார் பேர்ல இருக்கு

ஏப்ரல் 3, 2025

அப்பா ஆபரேஷனுக்கு மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் தேதி சொல்லல.

ஏப்ரல் 4

ராமநாதபுரத்திலிருந்து போன். சைட் பாத்துக்கிறவர். "இந்த மாசத்தோட சர்வரை எடுத்துர்றேம்மா, கட்டுப்படியாகல. வேற எடம் பாத்துக்கங்க." அவ்வளவுதான் பேச்சு. கருப்பட்டி காய்ச்சுற விடிலியில அடுப்பு அணையாம எரியுது, திருப்பூருக்கும் சென்னைக்கும் சிப்பம் கட்டி முடியல, இந்த நேரம் பாத்து.

அப்பா கட்டில்ல இருந்தபடியே கேட்டார். "சைட்டு போயிருமா ஆத்தா?"

போகாதுப்பான்னேன். ஃபைலெல்லாம் காப்பி எடுத்தாச்சு, மெயில் வேற கம்பெனியில இருக்கு. ரெண்டுக்கும் ஒன்னும் ஆகாது. போறது நேம்சர்வர். எங்க கடைப் பேரை யாராவது தட்டினா எந்த ஐபிக்கு, அதாவது எந்த சர்வரோட நம்பர் விலாசத்துக்குப் போகணும், மெயில் போட்டா எந்த சர்வர்ல எறக்கணும்னு கேக்கிறவங்களுக்குப் பதில் சொல்ற மிஷின் அது. பேர் வாங்குறது ரெஜிஸ்ட்ரார்ட்ட. பதில் சொல்றது நேம்சர்வர். சைட் உக்காந்திருக்கிறது ஹோஸ்டிங்ல. மூணும் மூணு எடத்துல இருக்கலாம். எங்களுக்கு இவரே ரெண்டைப் பாத்துக்கிட்டதால எல்லாமே இவர்ட்டதான்னு வீட்ல நெனப்பு.

பேர் இவர்ட்ட இல்ல. யார் மெயில்ல இருக்குன்னு எனக்குத் தெரியும். அப்பாட்ட சொல்லல.

ஏப்ரல் 5

காப்பீட்டு அட்டையில அப்பா பேர் ஒரு மாதிரி, ஆதார்ல ஒரு மாதிரி. ஒரு 'ஹெச்' கூட. அதுக்கு ஒரு நாள் போச்சு.

ஏப்ரல் 6

டிவியில பாம்பன் புதுப் பாலம் திறப்பு. பிரதமர் வந்திருந்தார். நடுப்பகுதி மேல ஏறுறதை அப்பா தலையணையைத் தூக்கி வச்சுச் சாஞ்சு பாத்தார். 2022 டிசம்பர்லயிருந்து ரயில் மண்டபத்தோட நின்னுபோச்சு, இனி ராமேஸ்வரம் வரை போகும். "ஆபரேஷன் முடிஞ்சு அதுல ஒரு தடவை போகணும்"னார். அந்த வார்த்தையை அவரா சொன்னது இன்னிக்குத்தான்.

ஏப்ரல் 7

ராத்திரி எல்லாரும் தூங்கின பெறகு லேப்டாப்ல, நேம்சர்வரைக் கேள்வி கேக்கிற 'டிக்' கமாண்ட் போட்டுப் பாத்தேன். ஒரு பேரைக் கேட்டா கேள்வி முதல்ல ரூட் சர்வருக்குப் போகுது. 'ஏ'யிலிருந்து 'எம்' வரைக்கும் 13 பேர்தான். அந்தக் காலத்துல பதில் 512 பைட்டுக்குள்ள அடங்கணும்னு வச்ச அளவுல இருந்து வந்த எண் அது. பேர் 13ன்னாலும் மிஷின் உலகம் பூரா ஆயிரத்துக்கு மேல. ஒரே ஐபியைப் பல ஊர்லயிருந்து அறிவிச்சு வச்சிருக்காங்க, கிட்டக்க இருக்கிறது பதில் சொல்லும். ரூட்டுக்கு எங்க கடையைத் தெரியாது. டாட் காம் சர்வரைக் கைகாட்டிவிடும். அதுக்கும் எங்க கடையைத் தெரியாது, ஆனா யாரைக் கேக்கணும்னு தெரியும்: என்எஸ்1, என்எஸ்2, எங்க நேம்சர்வர் ரெண்டோட பேர்.

ரெண்டு பேரையும் தனித்தனியா கேட்டுப் பாத்தேன். ரெண்டுக்கும் ஒரே ஐபி.

ரெண்டு நேம்சர்வராவது வேணும்கிறது சும்மா வச்ச விதி இல்ல, ஒன்னு விழுந்தா இன்னொன்னு பேசணும். ஒரே மிஷினுக்கு ரெண்டு பேர் வச்சுக் கணக்குக் காட்டியிருக்கார் ராமநாதபுரத்துக்காரர். மத்தியானத்துல சைட் ஓப்பன் ஆகலைன்னு திருப்பூர்க்காரர் போன் பண்றப்பல்லாம் "உங்க நெட்டைப் பாருங்க சார்"னு சொல்லிக்கிட்டு இருந்தோம். மெயிலாவது பரவாயில்ல, அனுப்புற சர்வர் விட்டு விட்டு முயற்சி பண்ணிச் சேத்துரும். கருப்பட்டி வாங்க வந்தவர் விட்டு விட்டு முயற்சி பண்ண மாட்டார்.

ஏப்ரல் 8

நேம்சர்வர்ல இருக்கிற ஒவ்வொரு பதிவும் ஒரு ரெக்கார்டு. எஸ்ஓஏ ரெக்கார்டுன்னு ஒன்னு, ஒவ்வொரு டொமைனுக்கும், அதாவது வாங்கின ஒவ்வொரு சைட் பேருக்கும் உண்டு. அதுல ஒரு சீரியல் நம்பர். மாத்தம் பண்ணும்போது கூட்டணும். வழக்கமா தேதியையே நம்பரா போட்டு, பின்னாடி அன்னிக்கு எத்தனையாவது மாத்தம்னு ரெண்டு இலக்கம். எங்களோடது 2019081402.

ஆகஸ்ட் 14, ரெண்டாவது மாத்தம். ஆகஸ்ட் 16 ராத்திரி பிளைட்.

அதுக்குப் பக்கத்துல பொறுப்பாளர் மெயில். 'அட்' குறி அந்த எடத்துல வரக்கூடாது, புள்ளிதான் போடணும். அதனால பாத்தவுடனே பிடிபடல. அண்ணனோட காலேஜ் மெயில்.

ஏப்ரல் 9

சர்க்கரை குறைஞ்சாத்தான் தேதி தருவாங்களாம். கருப்பட்டி வியாபாரிக்கு வந்த வியாதி.

ஏப்ரல் 10

பழைய ரெக்கார்டு எல்லாத்தையும் வரிசையா எடுக்கணும். மொத்தமா தரச்சொல்லி நேம்சர்வரையே கேட்டா மறுக்குது. அது சரிதான், கண்டவனுக்கும் தரக்கூடாது. ராமநாதபுரத்துக்காரர்ட்ட லிஸ்ட் கேட்டேன், வாட்ஸ்அப்ல ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார், கீழ்ப்பாதி காணோம். அதனால ஒவ்வொன்னா கேட்டு எழுதினேன். ஐபியைச் சொல்ற ஏ ரெக்கார்டு, டபிள்யூ டபிள்யூ டபிள்யூவுக்கு 'அந்தப் பேரைக் கேளு'ன்னு இன்னொரு பேரைக் கைகாட்டுற சிநேம், மெயிலுக்கு எம்எக்ஸ் ரெண்டு, எது முதல்லன்னு நம்பரோட. எங்க பேர்ல மெயில் அனுப்ப யாருக்கு உரிமைன்னு சொல்ற எஸ்பிஎஃப் ஒரு டிஎக்ஸ்டி வரி. அந்தச் சோதனையில தேறாத மெயிலை என்ன பண்ணணும்னு சொல்ற டிமார்க் இன்னொரு வரி.

டிகிம்தான் படுத்திருச்சு. மெயில்ல கையெழுத்து சரியான்னு பாக்கிற சாவி அது. அது எந்தப் பேருக்குக் கீழ இருக்குன்னு தெரிஞ்சாத்தான் கேக்கவே முடியும், வெளியிலிருந்து யாரும் சொல்ல மாட்டாங்க. கடை மெயில்லயிருந்து என் ஜிமெயிலுக்கு ஒரு காலி மெயில் அனுப்பி, 'ஒரிஜினலைக் காட்டு' அமுக்கி, அந்தக் குப்பைக்குள்ள டிகிம் கையெழுத்து வரியைத் தேடினா, 'எஸ்' போட்டு ஈக்குவல் குறிக்கு அடுத்து இருக்கு பேர். அதோட 'அண்டர்ஸ்கோர் டொமைன்கீ' சேத்துக் கேட்டேன். வந்திருச்சு. 2048 பிட் சாவி, ஒரு துண்டுல 255 எழுத்துக்கு மேல போகாது, ரெண்டு துண்டா மேற்கோள் குறிக்குள்ள உடைச்சு வச்சிருக்கு. போன்ல காப்பி பண்ணினா ரெண்டாம் துண்டு விட்டுப்போகுது. லேப்டாப்லதான் எடுக்கணும். இதை விட்டிருந்தா சைட் ஜோரா வந்திருக்கும், ஆர்டர் உறுதி பண்ற மெயில் பூரா ஸ்பாம்ல போய் விழுந்திருக்கும், ஏன்னு தெரிய ஒரு மாசம் ஆகியிருக்கும்.

ஏப்ரல் 11

புது எடம் பாத்தாச்சு. டிஎன்எஸ், அதாவது இந்த நேம்சர்வர் வேலை மட்டும் பாத்துக்கிற கம்பெனி. இலவசத் திட்டமே நமக்குப் போதும். நேம்சர்வர் பல நாட்டுல, ஒரே ஐபி, கிட்ட இருக்கிறது பேசும். இன்னொரு சௌகரியம்: சைட்டை இனி வைக்கப்போற கடை சாஃப்ட்வேர்க்காரங்க ஐபி தரமாட்டேங்குறாங்க, சிநேம்தான் தர்றாங்க. டபிள்யூ டபிள்யூ டபிள்யூ இல்லாத வெறும் பேருக்கு சிநேம் வைக்க முடியாது. அந்தப் பேர்ல எஸ்ஓஏவும், நேம்சர்வர் யாருன்னு சொல்ற என்எஸ்ஸும் இருந்தே ஆகணும், சிநேம் எங்க இருக்கோ அங்க வேற எதுவும் இருக்கக்கூடாது. இந்தக் கம்பெனி உள்ளுக்குள்ள தானே விசாரிச்சு ஐபியா மாத்திப் பதில் சொல்லிரும். மத்த படாடோபம் எதுவும் எனக்கு வேண்டாம்.

எல்லா ரெக்கார்டும் அங்க ஏத்தியாச்சு. நேரா அந்த சர்வரைக் கேட்டா சரியா சொல்லுது. இனி ரெஜிஸ்ட்ரார்ல என்எஸ் மாத்தணும். லாக்இன் அண்ணன் மெயில்.

அண்ணனுக்கு மெசேஜ் போட்டேன்.

ஏப்ரல் 12

ப்ளூ டிக். பதில் இல்ல.

வீட்டு கரண்ட் கனெக்‌ஷன் தாத்தா பேர்ல. பட்டா பெரியப்பா பேர்ல. ஓடாத ஸ்கூட்டர் அண்ணன் பேர்ல. எதை எடுத்தாலும் கடைசியில யாரோ ஒருத்தர் கையெழுத்துக்குப் போய் நிக்குது.

முந்தி மொத்த நெட்வொர்க்குமே அப்படித்தான் நின்னிருக்கு. கலிஃபோர்னியாவுல எஸ்ஆர்ஐங்கிற எடத்துல ஒரே ஒரு ஃபைல், எல்லா கம்ப்யூட்டர் பேரும் அதுல. எலிசபெத் ஃபெய்ன்லர்ங்கிற அம்மாவோட குழு பாத்துக்கிச்சு. புதுப் பேர் வேணும்னா அவங்களைக் கேக்கணும். மத்தவங்க அந்த ஃபைலை அப்பப்ப இறக்கி வச்சுக்கணும். 1983ல பால் மொக்கபெட்ரிஸ் வந்துதான் பொறுப்பைப் பிரிச்சுக் கொடுக்கிற இந்த ஏற்பாட்டைப் பண்ணினார். பிரிச்சுக் கொடுத்தும் என் பங்கு தோஹாவுல அண்ணன்ட்ட உக்காந்திருக்கு.

ஏப்ரல் 13

தூக்கம் இல்ல. அப்பா மூச்சு விடுறதை எண்ணிக்கிட்டே படுத்திருந்தேன்.

2021 அக்டோபர் 4 ஞாபகம் வந்துச்சு. ராத்திரி ஒம்பது மணிக்கு மேல வாட்ஸ்அப், பேஸ்புக் எல்லாம் நின்னுது. கீழக்கரையிலிருந்து தொண்டி வரைக்கும் வளைகுடாவுல ஆள் இல்லாத வீடு கம்மி, எல்லாரும் போனைத் தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அம்மா மட்டும் "அவனுக்கு என்னமோ ஆயிருச்சு"ன்னு. நடந்தது என்னன்னா, பராமரிப்பு வேலையில போட்ட ஒரு கட்டளை அவங்க உள் நெட்வொர்க்கையே துண்டிச்சிருச்சு. டிஎன்எஸ் சர்வர்கள், டேட்டா சென்டரோட பேச முடியலைன்னா நமக்குத்தான் ஏதோ கோளாறுன்னு முடிவு பண்ணித் தங்களோட பாதையை இணையத்துலயிருந்து தானே வாபஸ் வாங்கிக்கிற மாதிரி அமைச்சிருந்தாங்க. எல்லாம் ஒரே சமயத்துல வாபஸ் வாங்கிருச்சு. சர்வர் உயிரோடதான் இருந்துச்சு. எங்க இருக்குன்னு கேக்கத்தான் வழியில்ல. ஆறு மணி நேரம் கிட்ட. அத்தாம் பெரிய கம்பெனி.

அன்னிக்கு விடியக்காலை அவனே சாதா கால் பண்ணினான். அம்மாட்ட மட்டும் பேசினான்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்னு. மாங்காய்ப் பச்சடிக்கு அப்பாவுக்கு மட்டும் இனிப்புப் போடல. மாமா வந்திருந்தார், "தமிழ்லயே டொமைன் வாங்கலாமே, புள்ளி இந்தியான்னு வருதே"ன்னார். வருது மாமா. இருக்கிறதை முதல்ல காப்பாத்திக்கிறேன்.

ஏப்ரல் 15

தடைக்காலம் ஆரம்பம். விசைப்படகு 61 நாள் கடலுக்குப் போகாது. மூக்கையூர்ல வேலையில்லாம பசங்க பூரா கரையில.

சாயந்திரம் அண்ணன் கால்.

"பாப்பா, ஓடிபி என் இந்தியா நம்பருக்குப் போகுது, அந்த சிம் செத்துப்போச்சு. மெயில்ல வர்ற மாதிரி மாத்தச்சொல்லி எழுதியிருக்கேன்."

"சரிண்ணே."

"பேசாம டொமைனை அப்பா பேர்லயே மாத்திருவோமா?"

இப்ப வேண்டாம்னேன். பேர் மாத்தினா 60 நாளைக்கு வேற ரெஜிஸ்ட்ராருக்குக் கொண்டுபோக விடாமப் பூட்டிருவாங்க, மெயில்ல ரெண்டு பக்கமும் ஒத்துக்கணும், இது அதுக்கு நேரம் இல்ல. நேம்சர்வரை மட்டும் மாத்து, டொமைன் இருக்கிற எடத்துல இருக்கட்டும்.

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "சர்க்கரை எவ்வளவு இருக்கு?"

ஏப்ரல் 16

டிடிஎல், ஒரு பதிலை எவ்வளவு நேரம் கையில வச்சுக்கலாம்கிற கெடு. ரெண்டு நாளா இதே நெனப்பு. யூட்யூப்ல எல்லாரும் 48 மணி நேரத்துல உலகம் பூரா பரவிரும்கிறாங்க. யாரும் எதையும் எங்கயும் அனுப்புறதில்ல. ஜியோவோ ஏர்டெல்லோ, அதோட ரிசால்வர், நமக்காகக் கேட்டுச் சொல்ற மிஷின், எங்க பேரை ஒரு தடவை கேட்டு வாங்கினா அந்தப் பதிலைக் கையில வச்சுக்கிட்டு, கெடு முடியுற வரைக்கும் அதையேதான் கேக்கிறவங்களுக்கெல்லாம் சொல்லும். கெடு முடிஞ்சாத்தான் மறுபடி கேக்கும். ஒவ்வொருத்தர் கெடுவும் ஒவ்வொரு நேரம் ஆரம்பிச்சது, ஒவ்வொரு நேரம் முடியும். எங்க ஏ ரெக்கார்டுல 86400 செகண்டு, ஒரு நாள். அவரைக் கெஞ்சி 300 ஆக்கச் சொல்லியாச்சு. நாளைக்குள்ள பழைய ஒரு நாள் கெடுவெல்லாம் தீந்துரும். ஆனா டாட் காம் சர்வர் எங்க என்எஸ்ஸுக்குப் போட்டிருக்கிறது 172800, ரெண்டு நாள். அதை நானும் தொட முடியாது, அவரும் தொட முடியாது. அதனால மாத்தின பெறகும் பழைய நேம்சர்வர் ரெண்டு நாளாவது உயிரோட இருக்கணும், புதுசு சொல்றதையே அதுவும் சொல்லணும். மாசக் கடைசி வரை தள்ளிப்போட்டு 30ஆம் தேதி மாத்தியிருந்தா, மே ஒன்னும் ரெண்டும் பாதிப் பேருக்குக் கடையே இல்ல.

"இல்லை"ங்கிற பதிலையும் ஞாபகம் வச்சுக்குமாம். புதுப் பேரை உண்டாக்குறதுக்கு முன்னாடி இருக்கான்னு சோதிச்சா, உண்டாக்கின பெறகும் கொஞ்ச நேரம் இல்லைன்னே சொல்லும்.

ஏப்ரல் 18

தேதி வந்திருச்சு. 28. முதல் நாளே அட்மிட் ஆகணும்.

ஏப்ரல் 19

ராத்திரி பத்தரை, அவனுக்கு எட்டு மணி. வீடியோ கால்ல அவன் ஸ்க்ரீனைக் காட்ட, நான் நேம்சர்வர் பேரை எழுத்து எழுத்தா படிச்சேன். சேவ். நேரா டாட் காம் சர்வரைக் கேட்டேன், கொஞ்ச நேரத்துலயே புதுசு வந்திருச்சு. என் சிம்முல பழைய என்எஸ், அம்மா சிம்முல புதுசு. கூகுளோட ரிசால்வர் 8.8.8.8ஐக் கேட்டா ஒரு தடவை அது, ஒரு தடவை இது. எது வந்தாலும் கடை ஓப்பன் ஆச்சு.

பின்னாடி அப்பா இருமினார். "யாரு போன்ல?"

அவன் கட் பண்ணிட்டான்.

ஏப்ரல் 21

ஜிமெயில்ல பாத்தேன், எஸ்பிஎஃப் பாஸ், டிகிம் பாஸ், டிமார்க் பாஸ். கோவையிலிருந்து ரெண்டு சிப்பம் ஆர்டர். ஓலைக்கொட்டான்ல வச்சு அனுப்பச்சொல்லி ஒரு அம்மா.

ஏப்ரல் 22

டொமைன் காலாவதி மே 9ன்னு காட்டுது. நாம மதுரையில கெடக்கிற நாள். தவறினா உடனே அடுத்தவன் கைக்குப் போயிராது. ரெஜிஸ்ட்ரார் கொஞ்ச நாள் அவகாசம் தருவாங்க, அதுக்கு அப்புறம் 30 நாள் மீட்கிற காலம், அபராதம் கட்டி எடுக்கலாம், பெறகு 5 நாள்ல அழிச்சு யாருக்கு வேணா விட்டுருவாங்க. ஆனா அந்த அவகாசத்துலயே சைட்டும் மெயிலும் நின்னிரும். அண்ணன்ட்ட சொன்னேன். அரை மணி நேரத்துல ரசீது வந்துச்சு. அஞ்சு வருஷம்.

அப்பாட்ட சொல்லிட்டேன், எல்லாத்தையும்.

"அப்ப கடைப் பேரு அவன் பேர்லயா இருக்கு?"

"ஆமாப்பா."

"பணம் யார் கட்டுறா?"

"அண்ணன்தான். 2019லயிருந்து. இப்ப அஞ்சு வருஷத்துக்கு."

"அஞ்சு வருஷத்துக்கா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டானா?"

கோவமா, இல்லையான்னு தெரியல. கஞ்சியை முழுசாக் குடிச்சார்.

ஏப்ரல் 24

பழைய நேம்சர்வருக்கு இப்ப யாரும் வர்றதில்லன்னு ராமநாதபுரத்துக்காரரே சொன்னார். இருந்தாலும் 30 வரைக்கும் ஓடட்டும்னேன். அண்ணன் 26க்கு டிக்கெட் பாக்கிறானாம், திருச்சி வழியா, கெடைச்சா. பதில்ல கையெழுத்துப் போட்டுத் தர்ற டிஎன்எஸ்செக் போடலாம்னு பேனல் கேக்குது. போட்டா ரெஜிஸ்ட்ரார்ல அந்தக் கையெழுத்துச் சாவியோட அடையாளமா டிஎஸ் ரெக்கார்டு ஏத்தணும், அது தப்பாப் போனா சரிபாக்கிற ரிசால்வர் எல்லாம் நம்மளைக் கண்டுக்காது. மதுரை முடியட்டும். டிடிஎல்லை மட்டும் 300லயிருந்து 3600 ஆக்கிட்டேன். காப்பீட்டு அட்டை, ஆதார் நகல், எக்கோ ரிப்போர்ட், சார்ஜர்