அலமாரிக்குள் ஒளிந்த பையன்கள்

போன வாரம் தென்னாப்பிரிக்க எழுத்தாளர் சிந்திவே மகோனாவின் ‘மதர் டு மதர்’ நாவலைப் படித்து முடித்தேன். நடுவில் ஒரு இடத்தில் மூடி வைத்துவிட்டு இரண்டு நாள் அதைத் தொடவே இல்லை, அந்த இடத்துக்கு அப்புறம் வருகிறேன்.

1993 ஆகஸ்ட் 25, கேப் டவுனை ஒட்டிய குகுலேத்து. கறுப்பின நண்பர்களைக் காரில் வீட்டுக்குக் கொண்டுவிட வந்த ஏமி பீல் என்ற 26 வயது அமெரிக்க மாணவியை, வெள்ளைக்காரி என்பதற்காகவே இளைஞர்கள் அடித்துக் குத்திக் கொன்றார்கள். நிறவெறி ஆட்சி முடிய இன்னும் எட்டு மாதம்தான் பாக்கி. கொன்றவர்களில் ஒருவனின் தாய் தனக்குத் தெரிந்தவள் என்று பிற்பாடு அறிந்த மகோனா எழுதிய இந்த நாவல் 1998ல் வெளிவந்தது. இதில் கொலைகாரன் ஒருவன்தான். அவன் அம்மா மண்டிசா, செத்துப்போன பெண்ணின் அம்மாவிடம் பேசுகிறாள், எடுத்த எடுப்பிலேயே என் மகன்தான் உங்கள் மகளைக் கொன்றான் என்று.

சரி, அடுத்து மன்னிப்புக் கேட்பாள் என்று பார்த்தால், உங்கள் பெண்ணுக்கு இந்தப் பக்கம் என்ன வேலை என்று சண்டைக்கு வருகிறாள்! எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவள் விடிவதற்குள் கிளம்பி வெள்ளைக்காரர் வீட்டில் சமைத்துத் துடைத்துப் பெருக்கப் போகிறவள், தன் பிள்ளைகள் பகலெல்லாம் எங்கே சுற்றுகிறார்கள் என்றே தெரியாதவள் என்பது தெரியத் தெரிய, அந்தச் சண்டையில் பாதி அவள் தன்னோடு போடுவது என்று புரிந்தது.

நான் மூடி வைத்த இடம் இதுதான். மகன் பெயர் ம்கோலிசி (நடுவில் நாக்கைச் சொடுக்க வேண்டும், தமிழில் வராது). சின்னக் குழந்தையாக இருந்தபோது வீட்டுக்குப் போலீஸ் வருகிறது. அவனோடு எப்போதும் விளையாடுகிற பெரிய பையன்கள் இரண்டு பேர் அலமாரிக்குள் ஒளிகிறார்கள். தேடிவிட்டுப் போலீஸ்காரர்கள் திரும்பப் போகும்போது, கண்ணாமூச்சி என்று நினைத்த குழந்தை, இதோ இங்கே இருக்காங்க என்று கைகாட்டிவிடுகிறான். அவன் கண்ணெதிரிலேயே இருவரையும் சுட்டுக் கொல்கிறார்கள். அதன்பிறகு ம்கோலிசி வருஷக்கணக்கில் வாயே திறக்கவில்லை.

இதைக் கொலைக்குச் சாக்காக வைத்திருந்தால் புத்தகத்தைத் தூக்கி எறிந்திருப்பேன். மண்டிசா அப்படி வைக்கவில்லை. பையன்கள் வெள்ளைக்காரர் காரில் கல் எறிந்தபோது நாங்கள் பெரியவர்கள் சிரித்துக்கொண்டோம் என்று ஒத்துக்கொள்கிறாள். எனக்கு நாவலிலேயே அதிகம் உறைத்தது அந்த வரிதான். 1856-57ல் மண்டிசாவின் இனமான கோசா மக்கள் நோங்கவுசே என்ற சிறுமியின் தீர்க்கதரிசன வாக்கை நம்பித் தங்கள் மாடுகளைத் தாங்களே வெட்டிப் பட்டினியில் செத்த வரலாற்றைத் தாத்தா சொல்லும் பகுதி மட்டும் கொஞ்சம் பாடம் நடத்துகிற மாதிரி இருந்தது.

நிஜத்தில் ஏமி கொலைக்காகத் தண்டனை பெற்ற நான்கு பேருக்கும் 1998ல், நிறவெறிக் காலக் குற்றங்களை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் பொதுமன்னிப்பு வழங்கியது, ஏமியின் பெற்றோர் அதை எதிர்க்கவில்லை. நாவல் அதற்குள் போகவே இல்லை. முன்னுரையைத் தாண்டினால் ஏமி என்ற பெயரும் வருவதில்லை. மண்டிசாவுக்கு அவள் கடைசிவரை ‘உங்கள் மகள்’ மட்டும்தான்.