பக்கத்துக்கு 45 நிமிடம்

குயின் என்ற பிரித்தானிய ரொக் குழுவின் ‘எ நைற் அற் தி ஒப்பரா’ அல்பம் 43 நிமிடம் சொச்சம். அடுத்து வந்த ‘எ டே அற் தி றேசஸ்’ 44 நிமிடத்துக்குச் சற்று மேல். சி-90 கசற்றில் பக்கத்துக்கு 45 நிமிடம். கணக்கு இவ்வளவு அழகாக ஒத்துவந்தபடியால், எண்பதுகளில் எங்கள் பள்ளி விடுதியில் குயின் என்றாலே ஒரு கசற்றின் இரண்டு பக்கங்கள்தான். வீட்டுக்கு வீடு, கைக்குக் கை மாறியதும் அந்தச் சோடிதான்.

இரண்டாம் பக்கத்தில் மட்டும் கவனம் வேண்டும். கையிருப்பு அரை நிமிடம். கசற் தொடக்கத்தில் ஒலி பதியாத வெள்ளை நாடா ஓட ஐந்து வினாடி போய்விடும். பதிபவர் கொஞ்சம் சோம்பியிருந்தால் கடைசிப் பாட்டின் வால் வெட்டுப்படும். அந்த அல்பம் தொடங்குவதும் முடிவதும் ஒரே ஒலியில், முடிவேயில்லாமல் ஏறிக்கொண்டு போவதுபோல் காதை ஏமாற்றும் ஒலி அது. வால் வெட்டுப்பட்ட பிரதியை மட்டும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அல்பம் வட்டமாக மூடுவது தெரியவே தெரியாது. எங்களில் அப்படிப்பட்டவர்கள் கனபேர்.

பிரதி எடுப்பதில் வேறு இழப்புகளும் உண்டு. ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்குக்கு இரைச்சலைச் சேர்க்கும். முதற் பிரதியில் இருக்கும் ‘ஸ்ஸ்’ இரண்டாவதில் 3 டெசிபெல் கூடும், நான்காவதில் 6. இது பரவாயில்லை, காது பழகிக்கொள்ளும். பெரிய சேதம், நாடாவைத் தொட்டு வாசிக்கும் ஹெட்டின் சாய்வால் வருவது. கசற் வினாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓடுகிறது. 10 கிலோஹேர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை அந்த நாடாவில் பிடிக்கும் நீளம் 5 மைக்ரோமீற்றர்கூட இல்லை. ஸ்டீரியோத் தடத்தின் அகலமோ 0.6 மில்லிமீற்றர். ஹெட் அரைப் பாகை சாய்ந்திருந்தாலே தடத்தின் ஒரு விளிம்பும் மறு விளிம்பும் ஒன்றையொன்று அழித்து, அந்த ஒலி காணாமற் போய்விடும். ஒற்றை ஸ்பீக்கர் செட்டுகளில் ஹெட் இரு தடங்களையும் சேர்த்து வாசிப்பதால் நிலைமை இன்னும் மோசம். ‘குயினின் ட்ரம்ஸ் மந்தமாக இருக்கிறது’ என்று அந்நாளில் சொன்னவர்கள் ரொஜர் டெய்லரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பிழை முழுவதும் ஹெட்டின் சாய்வைப் பிடித்திருக்கும் ஒரு திருகாணியினுடையது.

வேடிக்கை என்னவென்றால், மூலப் பதிவிலேயே இதே தலைமுறைப் பிரச்சினை இருந்தது. முதல் அல்பத்தில் உள்ள ‘பொஹீமியன் ராப்சடி’ பாட்டு 1975 ஓகஸ்ட் கடைசியில் வேல்ஸில் உள்ள ரொக்ஃபீல்ட் ஸ்ரூடியோவில் தொடங்கியது. ஒப்பராப் பகுதிக்கு மட்டும் மூன்று கிழமை பிடித்தது. அந்தப் பெரிய கூட்டக் குரல் மூன்றே பேருடையது. நடுக்குரல் பாடகர் ஃபிரெடி மெர்க்குரி, கீழ்க்குரல் கிற்றார்காரர் பிரையன் மே, உச்சியில் டெய்லர். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிப் பதிந்து, 24 தடங்களும் நிரம்பியதும் அவற்றைக் கலந்து ஓரிரு தடங்களுக்குள் அடக்கி, காலியான தடங்களில் மறுபடி பாடுவார்கள். இரண்டு அங்குல நாடா ஹெட்டில் தேய்ந்து தேய்ந்து, வெளிச்சத்துக்குப் பிடித்தால் மறுபக்கம் தெரியும் அளவுக்கு அதன் காந்தப் பூச்சான ஒக்சைட் உதிர்ந்துவிட்டது. அதற்கு மேல் நாங்கள் நான்கு தலைமுறை சேர்த்தோம்.

கைப்பிரதியில் அட்டை கிடையாது. ரூல் போட்ட கடதாசியில் போல்பொயின்ற் எழுத்தில் பாட்டுப் பெயர்கள் மட்டும். ஆரம்பகால அல்பங்களின் அட்டையில் ‘சின்தசைசர் எவரும் வாசிக்கவில்லை’ என்ற கருத்தில் ஒரு வரி அச்சாகியிருந்ததை நாங்கள் பார்த்ததில்லை. 1980இல் ‘தி கேம்’ வரும்வரை அந்தப் பிடிவாதம் நீடித்தது. ‘குட் கொம்பனி’ பாட்டில் வரும் கிளாரினெற்றும் ட்ரம்பெற்றும் ட்ரொம்போனும் உண்மையான ஊதுகுழல் குழு என்று சாதித்தவர்கள் எல்லா வகுப்பிலும் இருந்தார்கள். அத்தனையும் கிற்றார். பிரையன் மே ஒவ்வொரு வாத்தியத்தின் வரியையும் தனித்தனியாக, சில இடங்களில் ஒவ்வொரு சுரமாக, பதிந்து அடுக்கியது அது.

அந்தக் கிற்றாரை மரவேலை வகுப்பும் பௌதிக ஆய்வுகூடமும் தாண்டி வந்த எவரும் பகுதி பகுதியாகப் பார்க்க வேண்டும். 1963 ஓகஸ்டில், பிரையன் மே தன் 16 வயதில், மின்னணு அறிந்த தகப்பனோடு சேர்ந்து வீட்டிலேயே செய்யத் தொடங்கியது. முடிய இரண்டு வருடம். கழுத்து, பழைய கணப்படுப்பு ஒன்றின் மஹோகனி மரம். பூச்சி அரித்த துளைகளை நெருப்புக்குச்சியால் அடைத்தார்கள். உடலின் நடுப்பகுதி பழைய மேசை ஒன்றின் ஓக், சுற்றிவர ஒட்டுப்பலகை, மேலே மஹோகனித் தோல். விரற்பலகையில் உள்ள வெள்ளைப் புள்ளிகள் தாயாரின் தையற்பெட்டியில் இருந்த சிப்பிப் பொத்தான்கள். சுருதி வளைக்கும் கைப்பிடி சைக்கிள் பை தாங்கும் கம்பி, அதன் நுனியில் பின்னல் ஊசியின் துண்டு. உள்ளே இரண்டு வால்வ் ஸ்பிரிங், 1928ஆம் ஆண்டு பந்தர் மோட்டார் சைக்கிளில் இருந்து.

இவ்வளவும் இரசிகர்கள் மனப்பாடமாக ஒப்பிப்பது. ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதைத்தான் பலர் கேட்பதில்லை. சாதாரணக் கிற்றாரில் கைப்பிடியை அமுக்கிவிட்டால் கம்பி தளர்ந்து, திரும்பும்போது தலைப்பக்கத் தாங்கியில் உரசிச் சிக்கி, பழைய இடத்துக்கு வராது. சுருதி கெடும். இங்கே பாலத்தில் கம்பிகள் சிறு உருளைகள் மேல் ஓடுகின்றன. தலைப்பக்கத்தில் அவற்றைத் தாங்குவது ஒரு சுழியக் கட்டை, முதற் கட்டைக்கு முன்னால் வரும் உலோகக் கட்டை. அங்கிருந்து முறுக்காணிவரை கம்பி வளையாமல் நேரே போகிறது. முழுப் பொறியும் கத்தி விளிம்பு ஒன்றின் மேல் ஆடுகிறது. கம்பிகளின் இழுவையை அந்த இரண்டு ஸ்பிரிங்கும் எதிர்ப்பக்கம் சமன் செய்கின்றன. உரசும் இடங்களை ஒவ்வொன்றாகத் தேடி அகற்றியிருக்கிறார்கள்.

கம்பியின் அதிர்வை மின்னாக்கும் பிக்கப்பை முதலில் மே தானே சுற்றினார். கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் ஒலி ஒழுங்கீனமாக வந்தபடியால் கைவிட்டு, பேர்ன்ஸ் ட்ரை-சொனிக் மூன்றை வாங்கிப் பூட்டினார். அவை உரத்த ஒலியில் கீச்சிட்டன. உள்ளே தளர்வான செப்புச்சுருள் தானே அதிர்ந்து மைக்போல் வேலை செய்ததுதான் காரணம். சுருளுக்குள் அரல்டைற் பசையை ஊற்றி இறுக்கியதும் நின்றது. மூன்றும் தொடர்நிலை இணைப்பு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுவிட்ச், ஒன்று போட-நிறுத்த, மற்றது ஒலியலையின் கட்டத்தைத் தலைகீழாக்க. கட்டம் எதிரான இரண்டு சேர்ந்தால் அடியொலிகள் ஒன்றையொன்று விழுங்கி, மூக்கால் பாடும் கூர்மை ஒன்று மிஞ்சும். கம்பியைத் தட்டுவது பிளாஸ்டிக்கால் அல்ல, பழைய ஆறு பென்ஸ் நாணயத்தால். அதன் பற்கள் உரசும் ‘கிர்ர்’ ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் இருக்கிறது. நல்ல பிரதியில் கேட்கும், எங்களுடையதில் கேளாது.

இன்னொரு பொருள் எனக்கு இதைவிடப் பிடிக்கும். குயினின் பேஸ் கிற்றார்காரர் ஜோன் டீக்கன் மின்னணுப் பட்டதாரி. எழுபதுகளின் தொடக்கத்தில் குப்பைத் தொட்டியில் கிடந்த சர்க்கிட் பலகை ஒன்றை எடுத்து, புத்தக அலமாரி ஸ்பீக்கர் பெட்டி ஒன்றுக்குள் பூட்டினார். ஜெர்மேனியம் ட்ரான்சிஸ்டர்கள், 9 வோல்ற் பற்றறி. ஒலி கூட்டவோ குறைக்கவோ திருகு எதுவும் இல்லை. முன்னால், மேலொலிகளைக் கூட்டும் ட்ரெபிள் பூஸ்டர் ஒன்றைப் போட்டுக் கிற்றாரைச் செருகினால், ஒலி மெதுவாக நெரிபட்டு வயலின்போலவும் ஊதுகுழல்போலவும் வரும். ‘டீக்கி’ என்று பெயர் பெற்ற அந்தப் பெட்டிதான் ‘குட் கொம்பனி’யில் எங்களை ஏமாற்றியது.

பற்றறிப் பெட்டி என்றதும் 1990க்குப் பிந்திய வகுப்புகளுக்கு வேறு ஞாபகம் வரும். அந்த யூனில் போரால் இலங்கையின் வடக்கில் மின்சாரம் போனது, பற்றறி தடைப்பட்ட பொருளானது. சைக்கிள் டைனமோதான் கதி. அதன் முறையை இங்கு, புலம்பெயர்ந்த மண்ணில், பிறந்த பிள்ளைகளுக்காக எழுதி வைக்கிறேன். டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாட், ஆடலோட்டம். நான்கு டயோட்டுகளைப் பாலமாக இணைத்து நேரோட்டமாக்க வேண்டும். எந்த நேரமும் இரண்டு டயோட்டுகள் பாதையில் இருப்பதால் 1.4 வோல்ற் அங்கேயே போகும். பிறகு 2200 மைக்ரோஃபரட் கப்பாசிற்றர். அது இல்லாவிட்டால் பாட்டோடு ஒரு உறுமலும் வரும். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, ஒருவர் மிதிக்க மற்றவர்கள் கேட்கலாம்.

பிழைக்கும் இடங்கள் மூன்று. முனைகளை மாற்றிக் கொடுத்தால் செட் அவ்வளவுதான். லோட் இல்லாமல் வேகமாக மிதித்தால் டைனமோ 20 வோல்ற்றையும் தாண்டும், கப்பாசிற்றர் வெடிக்கும். அதனால் முன் விளக்கை எப்போதும் சமாந்தரமாக எரியவிட வேண்டும். மூன்றாவது, மிதிப்பவர் களைப்பது. மோட்டாருக்குள் வேகக் கட்டுப்பாடு இருப்பதால் 4½ வோல்ற் வரை சமாளிக்கும். அதற்குக் கீழே மெர்க்குரி மெல்ல மெல்லக் கிழவனாவார்.

மெர்க்குரியைப் பற்றி ஒரு தகவல். சன்சிபாரில் பிறந்து, இந்தியாவில் பஞ்ச்கனி விடுதிப் பள்ளியில் படித்தவர். சன்சிபார் புரட்சிக்குப் பிறகு 1964இல் குடும்பத்தோடு லண்டனுக்கு வந்து குடியேறியது ஃபெல்தமில், ஹீத்ரோவுக்கு அடுத்த ஊர். பிரையன் மே கிற்றார் செய்துகொண்டிருந்த வீடும் அதே ஊரில் நடை தூரத்தில். அப்போது இருவருக்கும் அறிமுகமில்லை. கிளாட்ஸ்ரன் அவெனியூ 22ஆம் இலக்க வீட்டில் 2016 முதல் நீலத் தகடு இருக்கிறது. அது குடியிருப்பு வீடு. தெருவில் நின்று பார்த்துவிட்டு வந்தால் போதும், மணி அடிக்க வேண்டாம்.

இனி, பெட்டியில் கிடக்கும் கசற்றுகள். அல்பம் வேண்டுமென்றால் எங்கும் கிடைக்கும். பழைய சி-90களைக் கணினியில் ஏற்ற நான் சொல்வது வேறு காரணத்துக்கு. மேலே பதியாமல் தடுக்க உடைக்கும் பின்பக்கக் காதை உடைக்காமல் விட்ட கசற்றுகளில் பாட்டின் மேல் பரிசளிப்பு விழாவும் விடுதி நாடகமும் பிக்மட்ச் ஆரவாரமும் பதியப்பட்டன. குயினுக்கு நட்டமில்லை.

கிடைத்தவுடன் போட்டுப் பார்க்காதீர்கள். முதலில் ஹெட் தொடும் இடத்தில் உள்ள சிறு பஞ்சுமெத்தையைப் பாருங்கள். அதன் பசை செத்து விழுந்திருந்தால் நாடா ஹெட்டில் அழுந்தாது, ஒலி போர்வைக்குள் இருந்து வரும். ஐந்து திருகாணிக் கூடு ஒன்றுக்கு நாடாவை மாற்றுங்கள். வெள்ளை நாடா ஒட்டிய மூட்டும் கழன்றிருக்கக்கூடும். இரண்டும் சரியென்றால் ஒரு முறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றுங்கள். ஹெட்டை ஐசோப்ரோப்பைல் அற்ககோல் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்துக் காயவிடுங்கள். டொல்பி என்ற இரைச்சல் குறைப்பு வேண்டாம், அந்தச் செட்டுகளில் அநேகமாக அது இருந்ததில்லை.

அடுத்தது சாய்வு. ஹெட்டின் இரு பக்கமும் திருகாணி உண்டு. அடியில் ஸ்பிரிங் உள்ளதை மட்டும், கால் சுற்றுக்கு மேற்படாமல், திருப்புங்கள். இரு பக்க ஒலியையும் மொனோவாகக் கலந்து கேட்டபடி திருப்பினால் ‘ச’கரங்கள் கூர்மையாகும் இடம் தெரியும். ஒவ்வொரு கசற்றும் வேறு வேறு செட்டில் பதிந்தது என்பதால் ஒவ்வொன்றுக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். பதிவது லைன் அவுட்டில் இருந்து, 24 பிற், 48 கிலோஹேர்ட்ஸில்.

வேகத்தைச் சரிபார்க்கக் குயின் உதவுவார்கள். ‘பொஹீமியன் ராப்சடி’ 5 நிமிடம் 55 வினாடி. உங்கள் பதிவில் 5:45 வந்தால் அது 3 வீதம் வேகமாக ஓடுகிறது, சுருதி அரைச்சுரத்தில் பாதி ஏறியிருக்கிறது. அதே கசற்றில் அதே செட்டால் பதிந்த பள்ளி அதிபரின் உரையையும் அதே அளவு இறக்கலாம். திருத்தாத மூலக் கோப்பைத் தனியாக வைத்துவிட்டுச் செய்யுங்கள்.