ஐசியு இன்சார்ஜ் பொறுப்புக்கு வந்த பிறகு

வேலை நன்றாகத் தெரிந்த ஐசியு நர்ஸை ஒருநாள் கூப்பிட்டு, "இனிமேல் ஷிஃப்டுக்கு நீங்கள்தான் இன்சார்ஜ்" என்பார்கள். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. வென்டிலேட்டர் அலாரம் சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று ஊகிப்பேன். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் மருந்து தீரும் நேரத்தில், அழுத்தம் சரியாமல் சிரிஞ்ச் மாற்றத் தெரியும். இதையெல்லாம் பார்த்துத்தான் பொறுப்பைக் கொடுத்தார்கள். கொடுத்த பிறகு இந்தத் திறமைகளுக்குப் பெரிதாக வேலையே இல்லை என்பதுதான் வேடிக்கை.

முதலில் பழக வேண்டியிருந்தது கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கு. ஜூனியர் ஒருவர் சக்ஷன் (மூச்சுக்குழாயில் சேரும் சளியை உறிஞ்சி எடுப்பது) செய்யத் தடுமாறுகிறார் என்றால், நானே வாங்கிச் செய்தால் சட்டென்று முடிந்துவிடும். ஆனால் அந்த நேரத்தில் மற்ற படுக்கைகளை யார் கவனிப்பது? அடுத்த தடவையும் அவர் என்னைத்தான் தேடுவார். நோயாளியின் ஆக்ஸிஜன் அளவு இறங்காதவரை பக்கத்தில் நின்று வாயால் மட்டும் சொல்வது, இறங்கினால் உடனே கை வைப்பது என்று எனக்கு நானே ஒரு எல்லை போட்டுக்கொண்டேன்.

என்னைக் கேட்டால், இந்த வேலையின் உயிரே ஷிஃப்ட் தொடக்கத்தில் யாருக்கு எந்த நோயாளி என்று பிரிப்பதில்தான் இருக்கிறது. பார்ப்பவர்களுக்கு அது பலகையில் பெயர் எழுதும் வேலை. உள்ளே எத்தனையோ கணக்கு ஓடும். தொடர் டயாலிசிஸ் ஓடும் படுக்கைக்கு அந்த மெஷின் தெரிந்தவர் வேண்டும். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி உள்ள நோயாளியையும் எதிர்ப்பு சக்தி குறைந்த நோயாளியையும் ஒரே நர்ஸிடம் தரக்கூடாது. ஸ்கேனுக்குப் போக வேண்டியவரை ஒருவரிடம் கொடுத்தால், அவர் வெளியே போகும் நேரத்தில் அவருடைய இன்னொரு நோயாளியை யார் பார்ப்பது என்பதையும் அப்போதே முடிவு செய்ய வேண்டும். நேற்று முழுக்க ஒரு மரணப் படுக்கையருகே நின்ற நர்ஸை இன்றும் அங்கேயே போடலாமா? அந்தக் குடும்பத்துக்கு அவர் முகம் பழக்கம். அவருக்கோ மனசு களைத்திருக்கும். இதற்கு விதிப்புத்தகம் கிடையாது, அவரையே கேட்டுவிடுவேன்.

ஒருமுறை ஒரு ஜூனியர் நேராகவே கேட்டார்: "சிஸ்டர், எனக்கு மட்டும் ஏன் எப்போதும் ஸ்டேபிள் பேஷன்ட்?" நியாயமான கேள்வி. கஷ்டமான நோயாளியைக் கொடுக்காமலே இருந்தால் அவர் எப்போது கற்றுக்கொள்வார்? அதற்கப்புறம், கஷ்டமான படுக்கையை ஜூனியரிடம் கொடுத்து அனுபவசாலியை அடுத்த படுக்கையில் போடுவது என் வழக்கமாகிவிட்டது.

ஆள் கேட்டு நிர்வாகத்திடம் பேசும்போது 1952 கோபன்ஹேகனை இழுப்பேன். போலியோ பரவி, சுவாசத் தசைகள் செயலிழந்தவர்கள் வந்து குவிந்த காலம். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணரின் யோசனைப்படி, தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ஏறக்குறைய 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்துக் கையால் பையை அழுத்தி மூச்சு கொடுத்தார்கள். இன்றைய ஐசியு பிறந்தது அந்த அனுபவத்திலிருந்துதான். மெஷின் வாங்கிவிட்டோமே, ஆள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. சில சமயம் ஆள் கிடைக்கும்.

அடுத்த கட்டம் டாக்டர்களிடம் "நிறுத்துங்கள்" என்று சொல்வது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநில ஐசியுக்களில் டாக்டர் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் குழு செய்த வேலையின் முடிவுகள் 2006இல் வெளியாயின. சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள் செருகும் மருந்துக் குழாய்) போடும்போது கை கழுவுவது, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியைத் தடவுவது, நோயாளியின் உடல் முழுவதும் கிருமி நீக்கிய துணியால் (டிரேப்) மூடுவது, முடிந்தவரை தொடையைத் தவிர்ப்பது, தேவை முடிந்ததும் லைனை எடுப்பது: இவ்வளவுதான். இதில் ஒன்று விடுபட்டால் நர்ஸே நிறுத்தலாம் என்பதும் அதில் சேர்த்தி. ரத்தத் தொற்று பெருமளவு குறைந்தது. எங்கள் யூனிட்டில் இதைத் தொடங்கும் முன் தலைமை மருத்துவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கினேன். அந்தக் காகிதம் இல்லாமல் இரவு ஷிஃப்டில் ஒரு இளம் நர்ஸ், "டாக்டர், டிரேப் முழுசாகப் போடவில்லை, போட்டுவிட்டு ஆரம்பிக்கலாம்" என்று சொல்லிவிட முடியாது. முகம் சுளித்தவர்களும் உண்டு, ஆனாலும் டிரேப் போடப்பட்டது.

கணக்கு பிறகு வந்தது. தொற்று எத்தனை என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். 1,000 லைன் நாட்களுக்கு எத்தனை என்று சொல்ல வேண்டும் (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் லைன் இருந்தால் அது ஒரு லைன் நாள்). 400 லைன் நாட்களில் 2 தொற்று என்றால் விகிதம் 5. இதற்குத் தினமும் ஒரே நேரத்தில் லைன்களை எண்ண வேண்டும், சலிப்பான வேலைதான். யாருக்கு எந்த நாள் எந்த ஷிஃப்ட் என்று போடும் ரோஸ்டர் பற்றி எழுதப் போவதில்லை. எல்லோருக்கும் பிடித்த ரோஸ்டரை யாரும் இதுவரை போட்டதில்லை.

இப்போது மேலாளர் பதவி. பாதி நாள் கூட்டத்தில் போகிறது. ஆனாலும் எப்போதாவது ஒரு ஷிஃப்ட் யூனிஃபார்மில் போய் ஒரு நோயாளியை முழுதாக எடுத்துக்கொள்கிறேன். மருந்தை அளந்து ரத்தத்தில் செலுத்தும், புதிதாக வந்த இன்ஃப்யூஷன் பம்பில் டோஸ் மாற்ற எத்தனை பொத்தான் அழுத்த வேண்டியிருக்கிறது என்பது எந்த அறிக்கையிலும் வராது. அடுத்த கொள்முதல் கூட்டத்துக்கு அதைக் குறித்து வைத்திருக்கிறேன்.