பக்கத்துத் தெருப் பட்டறையை வாங்கிய கதை

கோவை கணபதியில் எனக்கு ஒரு ஜாப் ஒர்க் பட்டறை. பம்புக்கும் நூற்பாலை மெஷினுக்கும் உதிரி பாகங்கள் கடைந்து கொடுக்கிறோம். 2019இல் இன்னும் இரண்டு சி.என்.சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும்) மெஷின் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மெஷின் வாங்கினால் கடன் வரும், ஆபரேட்டர் வரமாட்டார், ஆர்டரும் வராது. அந்த நேரத்தில்தான் பக்கத்துத் தெருவில் பட்டறை வைத்திருந்த அண்ணன், "எனக்கு முடியல தம்பி, நீயே எடுத்து நடத்து" என்றார். அவர் மகன் வெளிநாட்டில் இருக்கிறான், திரும்பி வருகிற மாதிரி இல்லை.

மெஷின் விலையை ஒரே சாயங்காலத்தில் பேசி முடித்துவிட்டோம். மற்றதையெல்லாம் முடிக்க அதற்கப்புறம் நாலு மாதம் ஆனது.

இரண்டு மெஷின் வங்கிக் கடனில் இருந்தன. அதனால் அட்வான்ஸை அவர் கையில் தராமல் நேராகக் கடன் கணக்கிலேயே கட்டி, பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்கினேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நான் யோசிக்காமல் விட்டது கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போகும்போது சர்வீஸ் வருடத்துக்கு ஏற்பத் தர வேண்டிய பணிக்கொடை. அங்கே 11 பேர் வேலை செய்தார்கள். ஆடிட்டர் முதலில் கேட்டதே, "யார் யார் எத்தனை வருடம்?" என்றுதான். ஆட்களைத் தொடர்ந்து வைத்துக்கொண்டால் அவர்களுடைய பழைய சர்வீஸும் நம் தலையில்தான். மூத்த ஃபிட்டருக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 20,800 ரூபாய். அதை 26ஆல் வகுத்தால் நாளுக்கு 800. வருடத்துக்கு 15 நாள் என்றால் 12,000. அவருக்கு 14 வருட சர்வீஸ். ஆக, ஒருவருக்கே 1,68,000. 11 பேருக்கும் போட்டுப் பார்த்தபோது ஏழு லட்சத்தைத் தொட்டது. அண்ணன் இதற்கென்று ஒரு ரூபாய்கூட ஒதுக்கி வைக்கவில்லை. விலையில் கழிக்கச் சொன்னதும் பத்து நாள் என்னோடு பேசவில்லை. கடைசியில் அவர் மனைவி, அண்ணிதான் நான் கணக்குப் போட்ட நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "கணக்கு சரிதானுங்களே" என்றார்.

அடுத்தது ஜி.எஸ்.டி. அவர் கணக்கில் மிச்சமிருந்த உள்ளீட்டு வரியை (சரக்கு வாங்கும்போது கட்டி, பிறகு கழித்துக்கொள்ளக்கூடிய வரி) எனக்கு மாற்ற ஐ.டி.சி-02 படிவம் போட வேண்டும். அவரோ இரண்டு மாத ரிட்டர்ன் தாக்கல் செய்யாமல் விட்டிருந்தார். அதை முடிக்காமல் படிவம் நகரவில்லை. விற்பவரின் பழைய வரி பாக்கிக்கு வாங்குகிறவரும் பொறுப்பு என்று சட்டத்தின் 85ஆவது பிரிவு சொல்வதால், மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஒரு வருடம் நிறுத்தி வைப்பது என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டோம்.

2022இல் இரண்டாவதாக வாங்கியது ஒரு சின்னப் பட்டறை, ஆறே பேர். காகிதமெல்லாம் சுத்தம். முதல் அனுபவம் தந்த தெம்பில் ஆட்களிடம் பேசாமலே கையெழுத்துப் போட்டேன். மூன்றாவது வாரம் இரண்டு ஆபரேட்டர்கள் சொல்லிக்கொள்ளாமல் வேறு பட்டறைக்குப் போனார்கள். அவர்களை நம்பி வேலை கொடுத்த கஸ்டமரும் பின்னாலேயே போனார். ஒரு மெஷின் ஐந்து மாதம் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. வட்டி மட்டும் ஓடியது.

பழைய அண்ணன் இன்றைக்கும் நாலு மணிக்கு வந்துவிடுவார். டீ குடிப்பார், ஃபிட்டரிடம் ஏதாவது குறை சொல்வார். அவருடைய பழைய கஸ்டமர்கள் இப்போதும் முதலில் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள், நான் தடுப்பதில்லை.